காலிஃபிளவர் காதுக்காரர்கள் சங்கம்

சின்ன வயசுல டிரம்ப் கார்டு விளையாடாம வளர்ந்தவங்க இந்தப் பதிவை இங்கேயே மூடிட்டுப் போயிடலாம். சும்மா சொன்னேன், இருங்க :-)

தொண்ணூறுகள்ல கேபிள் டிவி வந்து டபிள்யூ டபிள்யூ எஃப் பார்க்க ஆரம்பிச்ச தலைமுறைக்கு அந்தக் கார்டுக்கட்டு ஒரு சொத்து. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை ஃபைட், எத்தனை வெற்றின்னு வரிசையா போட்டிருக்கும். எடைன்னு கூப்பிட்டா யோகோசூனாவை வச்சிருக்கிறவனை அசைக்க முடியாது. அப்படி அடிச்சுப் பிடிச்சு சேர்த்த கட்டு ஒண்ணு போன மாசம் பரண்ல ஒரு ஷூ டப்பாக்குள்ள கிடைச்சது. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிப்போயிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன்.

ரிக் ரூட், 1999ல் போனார், வயசு 40. யோகோசூனா 2000ல், 34. பிரிட்டிஷ் புல்டாக் 2002ல், 39. மிஸ்டர் பெர்ஃபெக்ட் 2003ல், 44. பிக் பாஸ் மேன் 2004ல், 41. எர்த்க்வேக் 2006ல், 42. பாம் பாம் பிகலோ 2007ல், 45. இவங்க யாரும் ஐம்பதைப் பார்க்கலை. மாரடைப்பு, மாத்திரை, புற்றுநோய்னு ஆளாளுக்கு ஒரு காரணம். கார்டுல மார்பளவு இருக்கு, இது இல்லை.

சரி, ஐம்பதைத் தாண்டினவங்க என்ன ஆனாங்கன்னு தேடப்போனப்பதான் இந்தச் சங்கம் கண்ணுல பட்டது. பேரு காலிஃபிளவர் ஆலி கிளப். பேரைக் கேட்டதும் கொத்தவால்சாவடி ஞாபகம்தான் எனக்கு வந்தது. விஷயம் வேற.

குஸ்தி போடுறவங்க, பாக்ஸிங் பண்றவங்க காதைக் கவனிச்சிருக்கீங்களா? அடியும் உரசலும் பட்டுப்பட்டு, காதுக் குருத்தெலும்புக்கும் அதை மூடியிருக்கிற மெல்லிய சவ்வுக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கும். குருத்தெலும்புக்குச் சொந்தமா ரத்த ஓட்டம் கிடையாது, அந்தச் சவ்வு வழியாத்தான் அதுக்குச் சாப்பாடு. சவ்வு விலகிட்டா குருத்தெலும்பு செத்து, சுருங்கி, கெட்டியாகிடும். உடனே ஊசி போட்டு ரத்தத்தை எடுத்து அழுத்திக் கட்டணும். விட்டா காது ஆயுசுக்கும் காலிஃபிளவர்தான். நேத்து வந்த சமாச்சாரம் இல்லை இது. ரோமாபுரியில 1885ல் தோண்டி எடுத்த ஒரு பழைய வெண்கலச் சிலை இருக்கு, சண்டை முடிஞ்சு களைச்சு உட்கார்ந்திருக்கிற பாக்ஸர். அவருக்கும் இதே காதுதான்.

இந்தக் காது இருக்கிறவங்களுக்குன்னு 1965ல் லாஸ் ஏஞ்சலீஸ்ல ஒரு கூட்டம் ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் மைக் மசூர்க்கி. உக்ரைன்ல பொறந்து, சின்ன வயசுலயே அமெரிக்கா வந்து, காலேஜ்ல படிச்சு ஃபுட்பால் ஆடி, அப்புறம் குஸ்திக்காரர் ஆனவர். அந்த மூஞ்சியையும் காதையும் பார்த்து ஹாலிவுட் கூப்பிட்டுக்கிச்சு. 1944ல் வந்த 'மர்டர், மை ஸ்வீட்' படத்துல பழைய காதலியைத் தேடி அலையிற மூஸ் மல்லாய்னு ஒரு ராட்சசன் வருவான் பாருங்க, அவர்தான். நம்ம ஊர்ல அடியாள் வேஷத்துக்குன்னே சில முகங்கள் இருக்குமே, அந்த மாதிரி நூறு படத்துக்கு மேல நடிச்சிருக்கார். 1990ல் இறந்துபோனார். அவரோட காதுதான் சங்கத்தோட சின்னம். அவங்க நடத்துற பத்திரிகைக்குப் பேரே 'தி இயர்'. காது! இந்த ஒரு விஷயத்துக்காகவே அவங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு.

என்ன பண்றாங்க? வருஷத்துக்கு ஒரு தடவை ஒண்ணு கூடுறாங்க, பல வருஷமா லாஸ் வேகாஸ்ல. ஓய்வுபெற்ற மல்யுத்த வீரர்கள், சில பாக்ஸர்கள், ரசிகர்கள். சாப்பாடு, பழங்கதை, விருது. பெரிய விருது மசூர்க்கி பேர்லயே. அதுக்கும் மேல ஒரு உதவி நிதி வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாதவங்க, வாடகை கொடுக்க முடியாதவங்கன்னு கஷ்டத்துல இருக்கிற பழைய ஆளுங்களுக்கு அதிலிருந்து பணம் போகுது. லூ தெஸ், ரெட் பாஸ்டியன், நிக் பாக்விங்கிள், பிரையன் பிளேர்னு தலைவரா இருந்தவங்க எல்லாருமே மேடையில புரண்டவங்க. வெளியிலிருந்து தர்மகர்த்தா யாரும் வரலை.

இதுல என்ன விசேஷம், எல்லா சங்கமும் பண்றதுதானேன்னு கேக்கலாம். மல்யுத்த உலகத்தோட பழைய கட்டுப்பாடு தெரிஞ்சாத்தான் இந்தச் சாப்பாட்டு மேஜையோட அருமை புரியும்.

அந்தத் தொழில்ல நல்லவன் வேஷம் கட்டுறவனும் கெட்டவன் வேஷம் கட்டுறவனும் வெளியில ஒண்ணா சாப்பிடக் கூடாது, ஒண்ணா கார்ல போகக் கூடாது. ஜனங்க பார்த்தா பிழைப்பு போயிடும். 1987ல் நியூஜெர்சியில ஒரு காரை போலீஸ் நிறுத்துது. உள்ள பார்த்தா ஹாக்ஸா ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும். மேடையில ஒருத்தர் அமெரிக்கக் கொடி பிடிக்கிறவர், இன்னொருத்தர் ஈரான் கொடி பிடிக்கிறவர். கார்ல போதைப்பொருள் இருந்ததைவிட, ரெண்டு பேரும் ஒரே கார்ல இருந்ததுதான் கம்பெனிக்குப் பெரிய குத்தமாப் போச்சுன்னு அந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் சொல்வாங்க. ரெண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினாங்க (கொஞ்ச நாள்ல திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க, அது வேற). அப்படி இருபது முப்பது வருஷம் பகையாளியா நடிச்சே வாழ்ந்தவங்க, வயசான காலத்துல தோள்ல கைபோட்டுக்கிட்டு ஒரே மேஜையில சூப் குடிக்கிறாங்க. அந்த ஃபோட்டோக்களைப் பார்த்தா எனக்கு என்னமோ பண்ணுது.

இப்ப பாக்ஸர் பக்கம். ஜோ லூயிஸ் 1937லேர்ந்து 1949 வரைக்கும் உலக ஹெவிவெயிட் சாம்பியன். 1942ல் ரெண்டு சண்டையில வந்த பணத்தைக் கப்பற்படை நிதிக்கும் ராணுவ நிதிக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்தார். ஆனாலும் வரித்துறை விடலை. வட்டி குட்டி போட்டு, கடன் மலையாயிடுச்சு. 1956ல் அதே ஜோ லூயிஸ் மல்யுத்த மேடையில ஏறினார். வேடிக்கை காட்டத்தான். கடைசியில லாஸ் வேகாஸ்ல சீசர்ஸ் பேலஸ் வாசல்ல விருந்தாளிகளுக்குக் கைகுலுக்குற வேலை. 1981ல் அவர் இறந்தப்ப ஈமச்செலவுல ஒரு பங்கைக் கொடுத்தது யார் தெரியுமா? 1936ல் அவரை அடிச்சு வீழ்த்தி, 1938ல் அவர்கிட்ட முதல் ரவுண்டிலேயே தோத்துப்போன ஜெர்மன்காரர் மாக்ஸ் ஷ்மெலிங். எதிராளிதான் வந்து நின்னார். ப்ரைமோ கார்னெரா இன்னொருத்தர். 1933ல் உலக சாம்பியன், கூட இருந்த ரவுடிக் கும்பல் காசை எல்லாம் வழிச்சு எடுத்துக்கிச்சு. 1946ல் அவரும் குஸ்தி மேடைக்குத்தான் வந்து சேர்ந்தார். ரெண்டு தொழிலும் ஒரே சங்கத்துல ஏன் சேர்ந்துச்சுன்னு இப்பப் புரியுது. ஒரு மேடையில உடம்பு ஓய்ஞ்சவங்க இன்னொரு மேடையில கரை ஒதுங்கியிருக்காங்க.

இது வரைக்கும் பாராட்டு. இனிமே என் புலம்பல்.

முதல்ல 'எல்லாம் டூப்பு' மேட்டர். எங்க பெரியப்பா கிங்காங், தாரா சிங் காலத்து ஆள். டிவி முன்னாடி நாங்க வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா, "அத்தனையும் செட்டப்புடா, எழுந்து போய்ப் படி" ன்னு ஒரு அதட்டல் போடுவார். செட்டப்புதான், பெரியப்பா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சதுதான். ஆனா கயிறு ஏறி பத்தடி உயரத்துலேர்ந்து முதுகு தரையில மோதினா, அந்த முதுகுக்கு இது கதைன்னு தெரியுமா? வருஷத்துல பாதி நாளுக்கு மேல, ஊர் ஊராப் போய், வலிக்கு மாத்திரையைப் போட்டுக்கிட்டு இதைப் பண்ணியிருக்காங்க.

சிரிக்கிற நம்மளைவிட இந்த 'டூப்பு'ங்கிற வார்த்தையால அதிகம் சம்பாதிச்சது கம்பெனிதான். 1989ல் நியூஜெர்சி மாநில செனட்டுக்கு முன்னாடி வின்ஸ் மெக்மேன் தரப்பு, இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்குன்னு ஒத்துக்கிச்சு. எதுக்கு? விளையாட்டுன்னா மாநில அத்லெடிக் கமிஷன் கட்டுப்பாடு வரும், லைசென்ஸ் வரும், கட்டணம் வரும், டாக்டர் பரிசோதனை வரும். பொழுதுபோக்குன்னா ஒண்ணும் கிடையாது. இத்தனை வருஷமா ரகசியத்தைக் காப்பாத்தணும்னு கார்ல கூட தனித்தனியா அனுப்பினவங்க, வரின்னு வந்ததும் ரகசியத்தைக் கொண்டுபோய் சபையில வச்சாங்க.

சரி, பொழுதுபோக்குன்னா நடிகர்கள்னு ஆகுதுல்ல? அமெரிக்காவில சினிமா நடிகர்களுக்கு யூனியன் இருக்கு. 1960ல் ஸ்ட்ரைக் பண்ணி பென்ஷனும் மருத்துவ உதவியும் வாங்கினாங்க. (அப்ப அந்த யூனியனுக்குத் தலைவர் யாருன்னா, ரொனால்ட் ரீகன்! பின்னாடி ஜனாதிபதியாகி ஸ்ட்ரைக் பண்ண விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களைக் கூண்டோட வீட்டுக்கு அனுப்பினவரும் இவரே.) மசூர்க்கி அந்தப் பக்கமும் வேலை பார்த்தவர், இந்தப் பக்கமும் வேலை பார்த்தவர். நடிகர்களுக்கு பென்ஷன் வந்து அஞ்சு வருஷத்துல குஸ்திக்காரர்களுக்கு சங்கம் ஆரம்பிக்கிறார். ரெண்டுக்கும் முடிச்சுப் போடுறது நான், அவர் அப்படிச் சொன்னதா எங்கயும் படிக்கலை. ஆனா ஒரு தொழில்ல உரிமையாக் கிடைச்சது, இன்னொரு தொழில்ல உண்டியலாத்தான் வந்ததுங்கிறது கண்ணுக்கு முன்னாடி இருக்கு.

மல்யுத்தக்காரர்கள் நடிகர்களும் இல்லை, விளையாட்டு வீரர்களும் இல்லை, ஏன், கம்பெனி கணக்குல ஊழியர்களே இல்லை. 'சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்'. நம்ம ஊர் பாஷையில சொன்னா கான்ட்ராக்ட் லேபர். எங்க போகணும், எப்போ போகணும், என்ன உடுத்தணும், யார்கிட்ட தோக்கணும்னு எல்லாத்தையும் கம்பெனி சொல்லும். பென்ஷன்னு கேட்டா மட்டும், நீ சொந்தமா கடை வச்சிருக்கிற ஆளுப்பான்னு கைவிரிச்சிடும்.

யாருமே கேட்கலையான்னா, ஒருத்தர் கேட்டார். ஜெஸ்ஸி வென்ச்சுரா, பிற்பாடு 1999ல் மின்னசோட்டா மாநில கவர்னரே ஆனவர். 1986ல் ரெஸில்மேனியா இரண்டாவது வருஷம் நடக்கப்போற நேரம். ஊரெல்லாம் விளம்பரம் பண்ணியாச்சு, இப்ப நாம ஒண்ணா நின்னா கம்பெனி என்ன பண்ண முடியும், யூனியன் வைப்போம்னு உடை மாத்துற அறையில பேசியிருக்கார். விஷயம் முதலாளி காதுக்குப் போயிடுச்சு. பல வருஷம் கழிச்சு ராயல்டி வழக்கு நடத்தினப்ப, சத்தியப் பிரமாணத்துல முதலாளியே சொல்லித்தான், போட்டுக்கொடுத்தது ஹல்க் ஹோகன்னு தனக்குத் தெரிய வந்துச்சுன்னு வென்ச்சுரா இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கார். யூனியன் கருவிலேயே கலைஞ்சது. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் வரலை.

எனக்கு உறுத்துற இடம் இதுதான். அன்னிக்கு அந்த அறையில இருந்தவங்க பேசாம இருந்துட்டாங்க. சிலருக்கு பயம், சிலருக்கு நல்ல இடம் கிடைக்கும்கிற ஆசை, சிலருக்கு எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கிற நினைப்பு. இருபத்தஞ்சு வயசுல, இருபது இன்ச் கைய வச்சுக்கிட்டு, எவன் பென்ஷனைப் பத்தி யோசிப்பான்? அவங்க தலைமுறை ஆளுங்கதான் அறுபது வயசுல இடுப்பு மாத்தி, முட்டி மாத்தி, அந்தச் சாப்பாட்டு மேஜையில வந்து சேர்றாங்க. உழைக்கிற காலத்துல கூடாத கூட்டம் ஓய்ஞ்ச பிறகு கூடியிருக்கு. அப்ப கூடியிருந்தா கேட்டிருக்க வேண்டிய இடம் முதலாளி ரூம். இப்போ தொப்பியைத் தங்களுக்குள்ளயே சுத்த விட்டுக்கிறாங்க.

பாக்ஸிங் பக்கம் நிலைமை பிரமாதம்னு சொல்ல வரலை. ஆனா கலிஃபோர்னியா 1982ல் தொழில்முறை பாக்ஸர்களுக்கு ஒரு பென்ஷன் திட்டம் போட்டது. டிக்கெட்டுக்குச் சில சென்ட் எடுத்து வச்சு, தேவையான ரவுண்டு ஆடினவங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல பணம். இப்படி ஒரு பணம் தங்களுக்காக இருக்குங்கிறதே பல பேருக்குத் தெரியாம இருந்ததுன்னு 2023ல் பத்திரிகையில வந்து சந்தி சிரிச்சது, அது தனிக் கதை. அதே 2023ல் எம்எம்ஏ வீரர்களுக்கும் அந்த மாநிலம் பென்ஷன் சட்டம் போட்டது. குஸ்திக்கு இல்லை. ஏன்னா அது பொழுதுபோக்கு!

அதே 2023ல்தான் டபிள்யூ டபிள்யூ இ-யும் யூஎஃப்சியும் சேர்ந்து டிகேஓன்னு ஒரே கம்பெனி ஆச்சு. அந்த இணைப்புல டபிள்யூ டபிள்யூ இ-க்குப் போட்ட மதிப்பு 930 கோடி டாலர். 2025 ஜனவரியிலேர்ந்து வாராந்திர நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸ்ல, பத்து வருஷத்துக்கு 500 கோடி டாலர்னு பேச்சு. இந்தப் பக்கம், கார்டுக் காலத்து கமாலாவை ஞாபகம் இருக்கா? முகத்துல சாயம், வயித்துல நட்சத்திரம் வரைஞ்சுக்கிட்டு வருவாரே. மேடையை விட்டதும் லாரி ஓட்டினார். சர்க்கரை வியாதியில 2011ல் ஒரு கால், 2012ல் இன்னொரு காலும் போச்சு. 2020ல் காலமானார். அவரோட பிம்பத்தை வச்சு வித்த கார்டு எத்தனை லட்சமோ, அதுல ஒண்ணு என் ஷூ டப்பாவிலயும் இருந்தது.

கம்பெனி ஒண்ணுமே பண்ணலைன்னு சொன்னா பொய். மேடையில பட்ட காயத்துக்கு ஆபரேஷன் செலவு கொடுக்கிறாங்க. 2007லேர்ந்து போதைப் பழக்கத்துல இருக்கிற பழைய ஆளுங்களுக்குச் சிகிச்சைச் செலவும் கொடுக்கிறாங்க. ஆனா அது அவங்க மனசு வச்சா கொடுக்கிறது. தலையில பட்ட அடியால மூளை பாதிச்சதுன்னு 50க்கும் மேற்பட்ட பழைய வீரர்கள் போட்ட வழக்கை 2018ல் தள்ளுபடி பண்ணிட்டாங்க. முக்கியமா காலக்கெடு தாண்டிடுச்சாம். மறதி நோய்க்காரன் தேதி தவறாம வந்து வழக்குப் போடணும் போல.

"அவங்களா விரும்பிப் போன தொழில்தானே, சம்பாதிச்சதை ஆடித் தீர்த்துட்டு இப்ப அழுதா?" ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயம் மாதிரிதான் தெரியும். ஆடித் தீர்த்தவங்க உண்டுதான். ஆனா டிரம்ப் கார்டு வரைக்கும் வந்தது மேல் வரிசை ஆளுங்க. அவங்ககிட்ட தோக்கிறதுக்குன்னே வாராவாரம் வந்தவங்க எத்தனை பேர்? அவங்களுக்கு கார்டு கிடையாது, பேர் கூட நமக்கு ஞாபகம் இல்லை. ஹீரோவோட உதை நிஜம் மாதிரித் தெரிஞ்சது அவங்க விழுந்த விதத்தாலதான். இந்தச் சங்கத்துல எனக்குப் பெரிசாத் தெரியறதும் இதுதான். நீ சாம்பியனா, வாராவாரம் தோத்தவனான்னு பார்த்து உதவி பண்ற சங்கமா அது ஆரம்பிக்கலை. கேட்ட கேள்வி ஒண்ணுதான், காது இருக்கா?

அப்படின்னா தர்மம் பண்ற சங்கம் இருக்கிறதாலதான் கம்பெனி தப்பிச்சுக்குதான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். கொஞ்சம் அப்படித்தான். வருஷா வருஷம் விருது மேடையில கண்ணீரும் கைதட்டலுமா முடிஞ்சுடுது, யாரும் பில்லை எடுத்துக்கிட்டு கம்பெனி வாசலுக்குப் போறதில்லை. ஆனா அடுத்த மாச வாடகைக்கு வழியில்லாதவர்கிட்ட போய், "பொறுங்க, யூனியன் வரட்டும்" னு என்னால சொல்ல முடியாது. சங்கத்துல யாரும் அப்படிச் சொல்லாம பணத்தைக் கொடுத்துக்கிட்டிருக்காங்க. அதனால சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. குறையெல்லாம் வேற விலாசத்துக்குப் போக வேண்டியது.

நம்மளை மாதிரி ரசிகர்களும் இதுல உறுப்பினர் ஆகலாமாம். காது நல்லா இருந்தாலும் பரவாயில்லையாம் :-)

கட்டைத் திரும்ப அடுக்கி வச்சுட்டேன், புது ரப்பர் பேண்ட் போட்டு. உயிரோட இருக்கிறவங்க ஒரு பக்கம், போனவங்க ஒரு பக்கம்னு பிரிக்கப் பார்த்தேன். போனவங்க பக்கம் ரொம்பத் தடிமனா வந்ததும் நிறுத்திட்டேன். உங்க வீட்டுப் பரண்ல கட்டு இருந்தா எடுத்துப் பாருங்க. அண்டர்டேக்கர் கார்டு மட்டும் என்கிட்ட இல்லை, பக்கத்து வீட்டு ரமேஷ் திருடிட்டான்னு இன்னும் சந்தேகம். டூப்ளிகேட் வச்சிருக்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.